காத்துத் தடை சோதனை கிட்: 4ஆம், 5ஆம் வகுப்புப் பிள்ளைங்களோட யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுறேன்

கீழ விழுற பொருளைக் காத்து எப்படித் தடுக்குதுன்னு பிள்ளைங்களே செஞ்சு பாக்குற கிட் இது. மொதல்லயே சொல்லிர்றேன், 5க்கு 3 ஸ்டார். பாராசூட் துணிக்கும் பேப்பர் ஸ்பின்னருக்கும் தனியா ஸ்டார் போடச் சொன்னா 5 போட்டுருவேன், ஸ்டாப்வாட்சுக்கும் நூலுக்கும் 1, கூட வர்ற புக்லெட்டைப் பிள்ளைங்க கையில குடுக்காம இருந்தா இந்த கிட் இன்னும் நல்லா இருக்கும். ஏன்னு கீழ விவரமா எழுதிருக்கேன், வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிற டீச்சருங்க, வீட்டுல பிள்ளைங்களுக்கு வாங்க நெனைக்கிற அப்பா அம்மா எல்லாரும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

நான் மதுரையில ஒத்தக்கடை தாண்டி மேலூர் போற பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில வேலை பாக்குறேன். ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மியா கெடைச்சுச்சு, சொன்ன தேதிக்கு வந்துருச்சு, டப்பா நசுங்கல. உள்ள சதுரமா வெட்டுன பாராசூட் துணி சின்னது, நடு, பெருசுன்னு மூணு சைஸ்ல இருக்கு, நடு சைஸ்லயே பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணும் மெல்லிசு பேப்பர் ஒண்ணும் வேற இருக்கு, அப்புறம் ஒரு நூல்கண்டு, தொங்கவிடுறதுக்கு பிளாஸ்டிக் பொம்மைங்க, ஸ்பின்னர் வெட்ட கோடு அடிச்ச அட்டை, கிளிப், அளக்குற டேப், ஸ்டாப்வாட்ச், கலர்ல ஒரு புக்லெட். புக்லெட் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் தான் இருக்கு, தமிழ் கெடையாது.

பாராசூட் துணியைப் பத்தி தான் நெறைய சொல்லணும், ஏன்னா அதை யாரோ உண்மையிலேயே பிள்ளைங்களோட உக்காந்து யோசிச்சு செஞ்சுருக்காங்க. மூணு துணியும் ஒரே ரகம், ஓரம் ஒரே மாதிரி தச்சிருக்கு, நாலு மூலையிலயும் நூல் கட்டுற ஓட்டை சரியா ஒரே தூரத்துல இருக்கு. சைஸ் மட்டும் தான் மாறுது, மத்த எதுவும் மாறல. இது பெரியவங்களுக்கு சாதாரணமாத் தெரியும், ஆனா ஒம்போது வயசுப் பிள்ளைக்கு ஒண்ணை மட்டும் மாத்தி மத்ததெல்லாம் அப்படியே வச்சுப் பாருன்னு வாயால சொல்லிப் புரிய வைக்கவே முடியாது, சும்மா விட்டீங்கன்னா பெரிய துணியில சின்ன பொம்மையைக் கட்டி, நூலையும் ஒண்ணு நீட்டமா ஒண்ணு குட்டையா அறுத்து, ஒருத்தன் பெஞ்சு மேல நின்னு ஒருத்தன் தரையில நின்னு விட்டுட்டு "டீச்சர் என்னுது தான் பைய இறங்குச்சு"ன்னு ஓடி வருவாங்க. இந்தத் துணிகளை வச்சு செய்யும்போது நான் ஒண்ணும் சொல்லாமலே ஒரு பொண்ணு எந்திரிச்சு "டீச்சர், அவங்க நூல் நீட்டம், எங்களுது குட்டை, இது செல்லாது, திரும்ப விடச் சொல்லுங்க"ன்னு சண்டைக்கு வந்துருச்சு. அந்த சண்டைக்காகவே இந்த கிட்டுக்குக் குடுத்த காசு எனக்கு செரிச்சுருச்சு, ஏன்னா அறிவியல்ல நான் சொல்லிக்குடுக்க நெனைச்சதே அது தான்.

சின்னத் துணி ஒரு பக்கம் 20 செ.மீ., பெருசு 40 செ.மீ. பக்கம் ரெண்டு மடங்கு தான், ஆனா பரப்பு நாலு மடங்கு. சார்ட்டுல கட்டம் போட்டு துணியை மேல வச்சு கட்டத்தை எண்ணச் சொன்னா பிள்ளைங்களே கண்டுபிடிச்சுருவாங்க, கணக்குப் பாடமும் அதுலயே முடிஞ்சுரும். அப்ப நாலு மடங்கு பைய இறங்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. விட்டுப் பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தான் வித்தியாசம் வரும். காரணம் டீச்சருங்க தெரிஞ்சு வச்சுக்கங்க, பிள்ளைங்களுக்கு இப்ப தேவையில்ல: காத்து தடுக்குற விசை பரப்போட நேரா கூடும், ஆனா வேகத்தோட வர்க்கமா கூடும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு. அதனால அதே எடையைத் தாங்க, நாலு மடங்கு பரப்புள்ள துணிக்கு பாதி வேகம் போதும்.

துணி, பிளாஸ்டிக், பேப்பர் மூணையும் ஒப்பிட்டுப் பாக்குற சோதனையில பெருசா வித்தியாசம் தெரியாது, அதுக்கு ஒரு கொசுவலைத் துண்டை அதே அளவுக்கு வெட்டி நீங்களே சேத்துக்கங்க. கொசுவலை சட்டுனு விழுந்துரும், "ஓட்டை வழியா காத்து தப்பிச்சுருது டீச்சர்"னு பிள்ளைங்க வாயிலயே பதில் வந்துரும். அடுத்து துணிக்கு நடுவுல சின்னதா ஒரே ஒரு ஓட்டை போட்டா என்னாகும்னு கேளுங்க, வெரசா விழுந்துரும்னு தான் சொல்லுவாங்க. ஆனா உச்சியில சின்ன ஓட்டை இருந்தா ஆடாம நேரா இறங்கும். 1797 அக்டோபர் 22ல பாரிஸ்ல ஆந்த்ரே ழாக் கார்னெரான்னு ஒருத்தர் பலூன்ல ஏறி அங்க இருந்து விரிச்சுப் பிடிக்கக் கட்டைச் சட்டம் எதுவும் இல்லாத பட்டுத்துணி பாராசூட்டுல இறங்குனாரு, அதுல உச்சி ஓட்டை கெடையாது, அவர் உக்காந்துருந்த கூடை அங்கிட்டும் இங்கிட்டும் பயங்கரமா ஆடிருக்கு, உயிரோட இறங்கிட்டாரு. குடைக்குள்ள மாட்டுன காத்து ஒரு பக்கமா வழிஞ்சு வெளியேறுறதால தான் அந்த ஆட்டம், நடுவுல வழி விட்டா அது கொறையும். இதைக் கதையா சொன்னதும் கத்தரிக்கோல் எங்க டீச்சர்னு நாலு பக்கமும் கேட்டாங்க. கிட் துணியில கை வைக்காதீங்க, பழைய பிளாஸ்டிக் கவர்ல செஞ்சு பாருங்க.

இனிமே குறை. ஸ்டாப்வாட்ச். வாட்ச் வேலை செய்யுது, அதுல பிரச்சனை இல்ல, அதை வச்சு செய்யச் சொல்லிருக்க முறை தான் வேலைக்கு ஆகல. புக்லெட்ல 2 மீட்டர் ஒசரத்துல இருந்து விட்டு டைம் எடுத்து அட்டவணையில எழுதச் சொல்றாங்க. 2 மீட்டர்ல இருந்து பாராசூட் எதுவும் இல்லாம ஒரு கல்லை விட்டாலே 0.64 செகண்டுல தரையில இருக்கும், சின்ன பாராசூட் அதை விடக் கொஞ்சம் தான் லேட்டா வரும். பெரியவங்களுக்கே கண்ணுல பாத்து கை பட்டனை அழுத்த 0.2 செகண்டு கிட்ட ஆகும், பிள்ளைங்களுக்கு இன்னும் கூட. அப்ப அட்டவணையில வர்ற நம்பர்ல பாதி காத்தால வந்ததா கையால வந்ததான்னு எப்புடிச் சொல்றது? ஒரே பாராசூட்டுக்கு ஒருத்தி 0.7ன்னு எழுதிருக்கா, பக்கத்துல இருக்கவன் 1.3ன்னு எழுதிருக்கான், ரெண்டு பேருமே ஒழுங்காத்தான் அழுத்துனாங்க. பிள்ளைங்க மேல தப்பே இல்ல.

அதுக்கு நான் பண்ணது, வாட்சை ஓரமா வச்சுட்டு ரெண்டு பாராசூட்டையும் ஒரே நேரத்துல விட்டு எது மொதல்ல தரையைத் தொடுதுன்னு பாக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை விடணும், ரெண்டு பேரு தரையில படுத்துக்கிட்டு தரை மட்டத்துல கண்ண வச்சுப் பாக்கணும், மத்தவங்க கண்ண மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேக்கணும். "டப்"புன்னு ஒரு சத்தமா, "டப் டப்"புன்னு ரெண்டு சத்தமான்னு காது ரொம்ப கரெக்டா சொல்லிரும். நம்பர் வேணும்னா ஒசரத்தைக் கூட்டணும், எங்க ஸ்கூல் மாடி வராண்டாவுல இருந்து விட்டா பெரிய துணி ரெண்டு செகண்டுக்கு மேல மெதந்து இறங்குது, அப்ப வாட்சுக்கு அர்த்தம் இருக்கு. ஆனா மாடியில நின்னு விடுறது டீச்சர் மட்டும் தான், பிள்ளைங்க எல்லாரும் கீழ, இதுல யாரு கெஞ்சுனாலும் விட்டுக்குடுக்காதீங்க. போன்ல ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்துப் பாக்குறது எல்லாத்தையும் விட நல்லா இருக்கு. பாராசூட் மொத கொஞ்ச தூரம் வேகம் எடுத்துட்டு அப்புறம் ஒரே சீரா இறங்குறது அதுல தெளிவாத் தெரியும். அந்தச் சீரான எடத்துல கீழ இழுக்குற எடையும் மேல தள்ளுற காத்தும் சமமாயிருச்சுன்னு அர்த்தம். ஆகாயத்துல குதிக்கிறவங்களுக்கும் இதே தான், பாராசூட் விரிக்கிறதுக்கு முன்னாடி உடம்பைப் பரப்பிக்கிட்டு விழும்போது மணிக்கு 200 கி.மீ. கிட்ட போய் அதுக்கு மேல கூடாம நிக்கும், விரிச்சதும் மணிக்கு 20 கி.மீ. கிட்ட கொறைஞ்சுரும்.

நூல் ரொம்ப மோசம். நைலான், முறுக்கு விட்டு சிக்கு விழுது, முடிச்சு நிக்காம வழுக்குது, பாதி பீரியடு சிக்கு எடுக்குறதுலயே போயிருச்சு. நம்ம ஊருல பூ கட்டுற நூல் கெடைக்காத தெரு உண்டா, அந்தப் பருத்தி நூல் தான் இதுக்குச் சரி. பொம்மைங்களும் பாக்க அழகு, ஆனா ஒரே மாதிரி இருக்க ரெண்டு பொம்மையை மளிகைக்கடைத் தராசுல வச்சா எடை வேற வேற காட்டுது. துணியில அவ்வளவு கவனமா இருந்துட்டு இங்க கோட்டை விட்டுட்டாங்க. ஹார்டுவேர் கடையில ஒரே சைஸ் வாஷர் வாங்கிக்கங்க, எடையைக் கூட்டணும்னா ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டே போகலாம். ஒத்த ரூபா காயின் வைக்கலாம்னு நெனைக்காதீங்க, புதுசும் பழசும் எடை ஒண்ணு கெடையாது.

பேப்பர் ஸ்பின்னர் பிரமாதம். ரெண்டு ரெக்கை, கீழ ஒரு கிளிப், விட்டா கிறுகிறுன்னு சுத்திக்கிட்டே இறங்கும். ரெக்கை நீட்டமா இருக்கது, குட்டையா இருக்கது, கிளிப் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்தி மாத்திப் பாக்கலாம், உடைஞ்சா அஞ்சு பைசா நட்டமில்ல, எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு கெடைக்கும். ரெக்கையை எதிர்ப்பக்கமா மடிச்சா எதிர்த்திசையில சுத்துறதை ஒரு பய தானாவே கண்டுபிடிச்சு கிளாஸ் பூராத்துக்கும் காட்டுனான். புக்லெட்ல இதுக்கு உதாரணமா மேப்பிள் மர விதை படம் போட்டுருக்காங்க, எங்க பிள்ளைங்க அந்த மரத்தைப் பாத்ததே இல்ல. முருங்கை இருக்கே! முத்திக் காஞ்ச முருங்கைக்காயை உடைச்சா உள்ள கருப்பு விதையும் அதைச் சுத்தி காகிதம் மாதிரி மூணு ரெக்கையும் இருக்கும், மாடியில இருந்து விட்டா சுத்திக்கிட்டே தள்ளிப் போய் விழும். ரெக்கையைப் பிச்சுட்டு விட்டா நேரா கீழ. எருக்கங்காய் வெடிச்சு வர்ற பஞ்சு விதை பாராசூட்டே தான், அந்தப் பஞ்சு தாய்ச்செடியை விட்டு விதையைத் தூரமா கொண்டு போறதுக்கு இருக்குன்னு சொன்னா தாவரப் பாடமும் இதுல சேந்துரும். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதனால காஞ்சு வெடிச்சதை மட்டும் பெரியவங்க பறிச்சுக் குடுங்க.

இப்ப அந்தப் புக்லெட். ஒவ்வொரு சோதனைக்கும் மேலயே கொட்டை எழுத்துல முடிவைப் போட்டுட்டாங்க. பெரிய பாராசூட் மெதுவா இறங்கும், இப்ப செய்து பாருங்கன்னு இருந்தா அப்புறம் செய்யறதுக்கு என்ன இருக்கு? பிள்ளை கண்ணால பாக்குறதை எழுதாது, புத்தகத்துல இருக்க மாதிரி வரலேன்னா அழிச்சுட்டுப் புத்தகத்துல இருக்கதையே எழுதும். நல்லாப் படிக்கிற பிள்ளைங்க தான் இதுல மொதல்ல மாட்டுறது. நான் புக்லெட்டை பீரோவுல வச்சுட்டேன். இன்னொரு பக்கத்துல பாராசூட் புவியீர்ப்பைக் குறைக்குதுன்னு அச்சுல போட்டுருக்காங்க, அது தப்பு. பூமி இழுக்குறது பாராசூட் இருந்தாலும் இல்லாட்டியும் அதே அளவு தான், துணி தன் கீழ இருக்க காத்தைத் தள்ளி வழி பண்ணிக்கிட்டு இறங்கணும், காத்து திருப்பி மேல தள்ளுது, அவ்வளவு தான். கம்பெனிக்கு மெயில் போட்டேன், அடுத்த பதிப்புல திருத்துறோம்னு மரியாதையா பதில் போட்டாங்க, நைலான் நூலுக்கு மாத்து கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல.

புக்லெட்ல இல்லாத, ஆனா எல்லாத்துக்கும் மொதல்ல செய்ய வேண்டிய ஒண்ணு இருக்கு. கனமானது தான் வெரசா விழும்னு எல்லாப் பிள்ளையும் நம்புது, பெரியவங்கள்லயும் பாதிப் பேரு அப்படித்தான். அதைத் தொடாம பாராசூட்டுக்குப் போகாதீங்க. ஒரே நோட்டுல இருந்து ரெண்டு பேப்பர் கிழிச்சு, ஒண்ணை அப்படியே, ஒண்ணைக் கசக்கி உருண்டையாக்கி விடுங்க. எடை அதே எடை, ஆனா உருண்டை வெரசா விழுந்துருச்சு. இப்ப கனம் தான் காரணம்னு சொல்ல முடியாதுல்ல. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்து மேல, அதை விடச் சின்னதா வெட்டுன பேப்பரை ஒட்டாம சும்மா வச்சு ரெண்டையும் சேத்து விடுங்க, பேப்பர் நோட்டை விட்டுப் பிரியாம கூடவே வந்துரும். நோட்டு முன்னாடி போய் காத்தை வெலக்கிக் குடுக்குது. இதைப் பாத்ததும் கிளாஸ்ல ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, எத்தனை வருசம் பாடம் எடுத்தாலும் அது அடிக்கடி கெடைக்கிறது இல்ல.

அதுக்கு மேல நிலா. 1971 ஆகஸ்ட் 2ல அமெரிக்காவோட அப்போலோ 15 விண்கலத்துல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு கையில சுத்தியல், ஒரு கையில வல்லூறு இறகு ரெண்டையும் ஒண்ணா விட்டாரு, ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம். வீடியோ இருக்கு, போட்டுக் காட்டுங்க. போட்டதும் ஒரு பய கேட்டான், "அப்ப சந்திரயான் பாராசூட்டுல இறங்கலையா டீச்சர்?" இறங்க முடியாதுல்ல, தடுக்கக் காத்தே இல்லாத எடத்துல துணியை விரிச்சு என்ன பண்றது, அதான் 2023 ஆகஸ்ட் 23ல சந்திரயான் 3ஓட விக்ரம் லேண்டர் இன்ஜினைக் கீழ்ப்பக்கமா எரிச்சு எரிச்சு வேகத்தைக் கொறைச்சு இறங்குச்சு. அதே வருசம் அக்டோபர் 21ல, மனுசங்களை விண்வெளிக்கு அனுப்புற நம்ம ககன்யான் திட்டத்தோட சோதனைக் கலம் வங்கக்கடல்ல பாராசூட்டுல இறங்குச்சு, ஏன்னா அது பூமி, இங்க காத்து இருக்கு. ககன்யானுக்கு மொத்தம் 10 பாராசூட், ஒண்ணு பின்னால ஒண்ணா விரியும், கடைசியா விரியுற பெரிய பாராசூட் ஒவ்வொண்ணும் 25 மீட்டர் அகலம். எங்க ஸ்கூல் மைதானத்துல 25 மீட்டருக்கு வட்டம் போட்டுக் காட்டுனோம், ஒருத்தன் உள்ள போய் மல்லாக்கப் படுத்துக்கிட்டான்.

காத்து தடுக்குறதைக் கையாலயே தொட்டுப் பாக்குற மாதிரி ஒண்ணு கூட கிட்டுல இல்லாதது எனக்குப் பெரிய குறை. கடையில பெரிய கெட்டி அட்டை ஒண்ணு வாங்கி, நெஞ்சுக்கு முன்னால விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஓடச் சொல்லுங்க, அப்புறம் அதையே கிடைமட்டமா, ஓரம் முன்னால இருக்க மாதிரி பிடிச்சு ஓடச் சொல்லுங்க. அட்டை அதே எடை, ஓடுறது அதே ஆளு, ஆனா மொத தடவை மூச்சு வாங்குது. கம்மாயில இடுப்பளவு தண்ணியில நடக்க எப்படி கஷ்டமா இருக்கோ அப்படித்தான், காத்தும் தள்ளித்தான் போகணும், தண்ணி காத்தை விட 800 மடங்கு அடர்த்தியா இருக்கதால அங்க நல்லாத் தெரியுது, இங்க வேகமாப் போனா தான் தெரியுது. சைக்கிள் ஓட்டுற பிள்ளைங்க உடனே புரிஞ்சுக்கிச்சு.

தடைன்னதும் அது கெட்டதுன்னு பிள்ளைங்க முடிவு பண்ணிருதுங்க, புக்லெட்லயும் காரு, பைக்கு பெட்ரோல் வீணாகுறது மட்டும் தான் போட்டுருக்கு. மழையைச் சொல்லுங்க. ஒரு கி.மீ. ஒசரத்துல இருந்து விழுற மழைத்துளியைக் காத்து தடுக்கலேன்னா மணிக்கு 500 கி.மீ. வேகத்துல நம்ம மண்டையில வந்து அடிக்கும், காத்து தடுக்குறதால நல்ல பெரிய துளி கூட மணிக்கு 30 கி.மீ. சொச்சத்துல தான் வருது. நாத்தும் பூவும் தப்பிக்கிறது அதனால தான்.

வாங்குறவங்களுக்கு ஒரு விசயம், ஆனி, ஆடியில வெளிய வச்சு இதைச் செய்யாதீங்க. நம்ம பக்கம் அந்த நேரம் அடிக்கிற மேக்காத்துல பாராசூட் பக்கத்துத் தெருவுல தான் கெடக்கும், கிளாஸுக்குள்ளயும் ஃபேனை ஆஃப் பண்ணுங்க, சன்னலைச் சாத்துங்க, வேர்த்தாலும் பரவாயில்ல. காலையில மொத பீரியடு சரியா இருக்கும்.

காசு இல்லேன்னா கிட்டே வேணாம். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகள்ல மெல்லிசுத் துணி பிட்டு கெடைக்கும், தெரிஞ்ச டெய்லர் கிட்ட சதுரமா வெட்டி ஓரம் அடிச்சு வாங்கிக்கங்க, மூணுக்கும் ஒரே துணி, ஓட்டை ஒரே தூரம், இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்க. பூ நூல், வாஷர், கிளிப், பழைய நோட்டு, ஒரு அட்டை, எல்லாம் சேத்து இருநூறு ரூபாய்க்குள்ள முடியும், நாப்பது பிள்ளைங்க உள்ள கிளாஸுக்குப் போதும். டெய்லர் கிட்ட அலைய நேரம் இல்லாதவங்க, வீட்டுல ஒண்ணு ரெண்டு பிள்ளைங்களுக்கு வாங்குறவங்க தாராளமா இந்த கிட்டை வாங்கலாம், வந்ததும் நைலான் நூலைத் தூக்கிப் போட்டுருங்க, புக்லெட்டை நீங்க மட்டும் படிங்க. மூணு துணியும் துவைச்சு மடிச்சு வச்சா அடுத்த வருசத்துக்கும் ஓடும், எங்களுது இன்னும் ஓரம் கூடப் பிரியல.